கரிசலில் கிடைத்த நத்தைக் கல்

கேள்வி: ஜெயங்கொண்டம் செம்மண்ணில் எனக்கு முந்திரி இருக்கிறது. இந்த ஆண்டு அரியலூருக்கு மேற்கே கரிசல் நிலம் குத்தகைக்கு எடுத்துக் கடலை போட்டேன். 30 நாள் பயிரில் இளம் இலைகள் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. யூரியா போட்டும் தேறவில்லை. உழும்போது கிடாக் கொம்பு போல் சுருண்ட கல் ஒன்று கிடைத்தது. கரிசல் எரிமலை மண் என்கிறார்களே, அதனால் வந்த கோளாறா?

பதில்: கரிசல் எல்லாம் எரிமலை மண் அல்ல. மகாராஷ்டிரக் கரிசல், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்புப் பாறையில் பிறந்தது. உங்கள் குத்தகை நிலம் பழைய கடலடிக் களியும் சுண்ணாம்புக் கல்லும். அந்தக் கல்லே சாட்சி. அது அம்மோனைட் என்ற கடல் உயிரின் ஓடு, கணவாய்க்கு உறவு.

எரிமலைப் பாறைக்கு வயது சொல்வது நேரடி வேலை. அதிலுள்ள கதிரியக்கப் பொட்டாசியம் ஆர்கானாக மாறும் வேகம் தெரியும், அளந்து கணக்கிடலாம். படிவுப் பாறையில் அது சரிவராது. மணல் வேறு பாறையிலிருந்து அடித்து வந்தது. அளந்தால் தாய்ப்பாறையின் வயதுதான் வரும். அதனால் உள்ளே புதைந்த உயிர்களை வைத்து வரிசைப்படுத்துகிறார்கள். அந்த உயிர்கள் வாழ்ந்த காலத்தை, பிற இடங்களில் இதே அடுக்குகளுக்கு இடையே கிடக்கும் எரிமலைச் சாம்பலை அளந்து உறுதி செய்கிறார்கள். நம் பகுதி அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என மூன்றாக வகுத்து 1862ல் வெளியிட்டவர் பிளான்ஃபோர்டு. அம்மோனைட் இனம் அழிந்தே சுமார் 6.6 கோடி ஆண்டு ஆகிறது. உங்கள் கல் அதைவிட மூத்தது. ஜெயங்கொண்டத்துச் செம்மண்ணுக்கு அடியிலுள்ள கடலூர் மணற்கல் இவற்றுக்கெல்லாம் இளையது.

இனி பயிர். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காது. நீங்கள் சொல்லும் அடையாளம் இரும்புப் பற்றாக்குறைதான், யூரியா தீர்க்காது. 10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் அன்னபேதி கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலை நனையத் தெளியுங்கள். 10 நாள் இடைவெளியில் மேலும் இருமுறை தெளிக்கலாம். ஜிப்சம் போடுமுன் மண் பரிசோதனை செய்யுங்கள். செம்மண் பரிந்துரையை இங்கே அப்படியே பின்பற்ற வேண்டாம். பணியில் சேர்ந்த புதிதில் நானே அந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன்.

வீட்டிலேயே ஒரு சோதனை: காய்ந்த மண்ணில் எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு மண். கல்லை உடைக்காமல், கிடைத்த இடத்தைக் குறித்து, வாரணவாசி அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.