“நாங்கள் இருக்கிறோமே” என்ற நம்பிக்கை போதாது

வீட்டில் தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தரச் சொன்னால், மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும் நன்கு படித்த பெற்றோர்கூட மறுக்கிறார்கள். “சின்னக் குழந்தைகிட்ட எதுக்கு இந்தப் பேச்சு? பயந்துடும். நாங்கதான் இருக்கோமே” என்கிறார்கள். பாசத்தில் வரும் பதில்தான். ஆனாலும் உயிருக்கே உலை வைக்கக்கூடிய பதில். அதற்கு அவர்கள் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“எங்களுடையது கான்கிரீட் வீடு.”

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளிச் சமையலறையில் பிடித்த தீ ஓலைக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. அதன்பின் பள்ளிகளில் ஓலைக் கூரைகள் அகற்றப்பட்டன. ஓலையோடு ஆபத்தும் போய்விட்டது என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். 2017 மே 31 அதிகாலையில் தி.நகர் உஸ்மான் சாலையில் தீப்பற்றிய சென்னை சில்க்ஸ் துணிக்கடைக் கட்டடமும் கான்கிரீட்தான். மறுநாளும் அது எரிந்தது. ஒரு பகுதி சரிந்து விழுந்தது. மீதியை இடிக்க நேர்ந்தது. சுவர் எரியாமல் இருக்கலாம். உள்ளே இருக்கும் மெத்தையும் சோபாவும் திரைச்சீலையும் எரியும். அவை கக்கும் புகை, ஏசிக்காக ஜன்னல்களை அடைத்த அறையில் போக வழியின்றித் தங்கும். தீவிபத்துகளில் மிகப் பலரின் உயிரைப் பறிப்பது தீ நாக்கைவிடப் புகைதான்.

“பேசினால் பயந்துவிடும்.”

தீபாவளிக்கு மத்தாப்பைக் கையில் கொடுக்கிறோம். கார்த்திகைக்கு அகல் ஏற்றச் சொல்கிறோம். அப்போதெல்லாம் வராத பயம், தப்பிக்கும் வழியைச் சொன்னால் மட்டும் வருமா? என்ன செய்வதென்று தெரியாத குழந்தைதான் மிரளும். மிரண்ட குழந்தை கட்டிலுக்கு அடியிலோ அலமாரிக்குள்ளோ குளியலறையிலோ போய் ஒளியும். முகமூடியும் தலைக்கவசமுமாக வரும் தீயணைப்பு வீரரைக் கண்டால் இன்னும் உள்ளே பதுங்கும். ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். அப்போதாவது அந்த உடையைப் படத்தில் காட்டி, “இவர் உன்னைக் காப்பாற்ற வருபவர், குரல் கொடு” என்று சொல்லிவையுங்கள்.

“அடுப்புப் பக்கம் போகாதே என்று சொல்லித்தானே வளர்க்கிறோம்?”

அது தீ வராமல் தடுக்கும் பாடம். தீ வந்தபின் செய்ய வேண்டியது அதில் இல்லை. மிரட்டலை மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளை, தன்னால் திரைச்சீலை பற்றிக்கொண்டால் அடிக்குப் பயந்து மறைக்கும். “யார் செய்தாலும் திட்ட மாட்டேன், ஓடிவந்து சொல்” என்ற வாக்குறுதியைப் பெற்றோர்தான் தர வேண்டும். சிலிண்டரில் வரும் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். அந்த வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது, வெளியே வந்து பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்பது குழந்தைக்கும் புரியும். பாவாடையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. நின்று, படுத்து, முகத்தைக் கையால் மூடி உருள வேண்டும். சுட்ட இடத்தில் இங்க்கும் பற்பசையும் வேண்டாம். குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிட வேண்டும்.

“தூக்கிக்கொண்டு ஓடிவிடுவோம்.”

உங்கள் அறைக்கும் குழந்தையின் அறைக்கும் நடுவில் புகை நிறைந்தால்? மாலையில் மூட்டுவலிக்காரப் பாட்டி மட்டும் வீட்டில் இருந்தால்? புகை மேலே எழும்; தரையோரம் காற்று மிஞ்சும். அதனால் தவழ்ந்து போகப் பழக வேண்டும். மூடிய கதவைப் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சுட்டால் திறக்கக் கூடாது. ஈரத் துணியால் கதவிடுக்கை அடைத்துவிட்டு, ஜன்னலில் நின்று துணியை வீசிக் கத்த வேண்டும். வழி இருந்தால் படியில் இறங்க வேண்டும். லிஃப்டைத் தொடக் கூடாது. வெளியே வந்தபின் பொம்மைக்காகவோ போனுக்காகவோ திரும்பக் கூடாது.

“பள்ளியில் சொல்லித்தருகிறார்கள், 101-க்கு அழைத்தால் தீயணைப்பு வண்டி வந்துவிடும்.”

பள்ளி ஒத்திகை வகுப்பிலிருந்து மைதானத்துக்குப் போகக் கற்றுத்தரும். உங்கள் படுக்கையறையிலிருந்து வாசல் கிரில் கதவுவரை போகும் வழி பள்ளிக்குத் தெரியாது. திருடனுக்குப் பயந்து அந்தக் கதவுக்கு இரவில் பூட்டுப் போடுகிறோமே, சாவி எங்கே தொங்குகிறது என்று உங்கள் பிள்ளைக்குத் தெரியுமா? வண்டி வரத்தான் செய்யும். மாட வீதிகளின் நெரிசலையும் இருபுறமும் கார்கள் நிற்கும் தெருக்களையும் கடந்துதான் வர வேண்டும். அதுவரையான நிமிடங்கள் குழந்தையின் கையில்தான். வெளியே வந்தபிறகு 101 அல்லது 112-ஐ அழைத்து, கதவு எண், தெருப் பெயர், பக்கத்துக் கோயில் அல்லது கடையின் பெயரைச் சொல்லத் தெரிய வேண்டும்.

தீ வராமல் பார்த்துக்கொள்வது பெரியவர்களின் கடமை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அந்தக் கடமையில் பாதி, வந்துவிட்டால் பிழைக்கும் வழியைச் சொல்லித்தருவது. வருகிற ஞாயிற்றுக்கிழமை விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளோடு வாசல்வரை தவழ்ந்து பாருங்கள். சாவிக்குக் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில், கிரில்லுக்கு வெளியிலிருந்து எட்டாத இடத்தில் ஓர் ஆணி அடியுங்கள். கீழே எல்லோரும் கூடி நிற்க ஓர் இடத்தை முடிவு செய்யுங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது. தள்ளிப்போடாதீர்கள்.