இன்சீனிலிருந்து பார்த்தால் அலாங்பயா

சிதறிக் கிடந்த சிற்றரசுகளை ஒன்றிணைத்து பர்மாவை ஒரே நாடாக்கியவர் அலாங்பயா. இதை இன்சீனில் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தேன். கடல் கடந்து வந்த பிறகு, நம்மவர்களின் விழா மேடைகளிலும் இதே பாராட்டைக் கேட்கிறேன், அடுத்த மூச்சில் ராஜேந்திர சோழன் பெயரோடு சேர்த்து. 'ஒன்றிணைத்தவர்' என்ற அந்தச் சொல்லோடுதான் என் வழக்கு.

அந்த மனிதரின் திறமையை நான் குறைக்கவில்லை. 1752இல் பெகுவின் மோன் படை ஆவாவைப் பிடித்தபோது அவர் மொக்சொபோ என்ற ஊரின் தலைவர், அவ்வளவுதான். சுற்றியிருந்த 46 கிராமங்களைத் திரட்டிக்கொண்டு, பனந்தடிகளால் அரண் அடித்து, எதிர்த்து நின்றார். 1755இல் தகோனைப் பிடித்து அதற்கு யாங்கோன் என்று பெயரிட்டார். 'பகை ஒழிந்தது' என்று பொருள். ஆனால் பகை ஒழிந்திருக்கவில்லை. 1757இல் பெகுவைச் சூறையாடினார். தப்பிய மோன்கள் கூட்டங்கூட்டமாகச் சயாமுக்கு ஓடினார்கள். 1760இல் அயுத்தயா முற்றுகையிலிருந்து திரும்பும் வழியில் செத்துப்போனார். ஓடிப்போன மோனிடம் கேட்டால் இதற்கு ஒன்றிணைப்பு என்றா பெயர் சொல்லியிருப்பான்?

என் தாத்தா இன்சீன் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். 1948 ஜனவரி 4 அன்று நாடு விடுதலையானது. அடுத்த வருடம் ஜனவரி கடைசியில் கரேன் படையினர் இன்சீனைப் பிடித்து, ஏறக்குறைய நான்கு மாதம் கையில் வைத்திருந்தார்கள். தலைநகரிலிருந்து சில மைல் தூரத்தில்! "யாரு யாரச் சுடுறான்னே தெரியலப்பா, குண்டு மட்டும் வந்துச்சு" என்பார் தாத்தா. இருநூறு வருடத்துக்கு முன்பே ஒன்றாகிவிட்டதாகப் பாடம் சொல்லித்தந்த நாடு இது.

வாளில்லாமல் ஒன்றாக ஒரு முயற்சி நடக்காமலில்லை. 1947 பிப்ரவரி 12 அன்று பாங்லாங்கில் ஆங் சான், ஷான், கச்சின், சின் தலைவர்களோடு உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார். கரேன்கள் பார்வையாளர்களாக மட்டுமே வந்திருந்தார்கள். அந்தக் குறையை நானும் மறைக்கவில்லை. அந்த ஜூலையிலேயே ஆங் சானைச் சுட்டுக் கொன்றார்கள். பத்தாண்டுக்குப் பிறகு விரும்பினால் பிரிந்துபோகலாம் என்று ஷான் மாநிலத்துக்கு அரசியல் சாசனம் கொடுத்த உரிமையை 1962இல் ராணுவம் சாசனத்தோடு சேர்த்து விழுங்கியது. இன்று நேப்பிடோ அணிவகுப்பு மைதானத்தில் அனோரதா, பயின்நவுங், அலாங்பயா என்று மூன்று அரசர்கள் பிரம்மாண்டமாக நிற்கிறார்கள். அவர்கள் காலடியில் ஒவ்வொரு மார்ச் 27ஆம் தேதியும் ராணுவம் நடந்துபோகிறது. பேசிச் சேர்த்தவனை விட்டுவிட்டுப் பிடித்துச் சேர்த்தவர்களை ஏன் நிறுத்தினார்கள் என்று இன்சீன் சிறையில் கிடந்துவந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இதில் தமிழருக்கு என்ன என்று இங்கே பிறந்த தம்பி தங்கைகள் கேட்கலாம். 1982 குடியுரிமைச் சட்டம் 1823ஆம் ஆண்டில் ஒரு கோடு கிழிக்கிறது. வெள்ளைக்காரனோடு முதல் போர் மூண்டது 1824இல். அதாவது, அலாங்பயாவின் வம்சம் முழுசாக ஆண்டுகொண்டிருந்த நாளில் அங்கே குடியிருந்த இனங்களே மண்ணின் இனங்கள். அங்கீகரிக்கப்பட்ட 135 இனங்களில் தமிழர் இல்லை. ராஜாவின் எல்லைக்கோடு அப்படியே அடையாள அட்டையாகிவிட்டது. இன்சீனில் பிறந்து, இன்சீனிலேயே தகப்பனைப் புதைத்த என் அத்தை மகனிடம் ஓர் அலுவலகத்தில் கேட்டார்கள்: "உன் ஆட்கள் எப்போது வந்தார்கள், கலா?" 1964க்குப் பிறகு கடையையும் நிலத்தையும் பறிகொடுத்துக் கப்பலேறியவர்கள் லட்சக்கணக்கில். தங்கியவர்களுக்கு இந்தக் கேள்வி மிஞ்சியது.

அப்படியிருக்க, நாம் சோழப் படத்தைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு கடாரம் வென்ற கதை பேசுகிறோம். 1025இல் போன அந்தப் படையை நம் பிள்ளைகள் பெருமையாகக் கொண்டாடலாமென்றால், நேப்பிடோ சிலைகளை எந்த வாயால் குறை சொல்வது? பாண்டியனையும் சேரனையும் ஈழத்தையும் அடித்துப் பிடித்ததைத் 'தமிழர் ஒற்றுமை' என்று சொல்லும் நாக்குக்கு, மோன்கள் ஓடியதும் ஒற்றுமையாகத்தான் தெரியும்.

பர்மாவில் நமக்கு வேறொரு சாட்சி இருக்கிறது. பகானில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு. மலைமண்டலத்திலிருந்து வந்த குலசேகர நம்பி என்பவர், அங்கிருந்த நானாதேசி விண்ணகரத்துக்கு ஒரு மண்டபம் கட்டி, கதவு போட்டு, அணையாமல் எரிய ஒரு நிலைவிளக்கும் கொடுத்திருக்கிறார். நானாதேசி என்றால் பல தேசத்து வணிகர்களின் கூட்டம். அவர் யாரையும் வென்றதாக அந்தக் கல்லில் ஒரு வரிகூட இல்லை. 1823க்கு ஐந்நூறு வருடத்துக்கு மேல் முந்திய கல் அது. அத்தை மகனிடம் அதைப் பற்றிச் சொன்னேன். "அதோட நகலை எடுத்து அனுப்பு, அடுத்த தடவை போறப்ப காட்டுறேன்" என்று சிரித்தான்.