அப்பா வெளியில் நின்று பார்த்த கட்டடம்

சனிக்கிழமை என்றால் எங்கட வீட்டில் ஓட்டம்தான். காலை ஒன்பதரைக்கு மகளுக்குத் தமிழ் வகுப்பு, பன்னிரண்டு மணிக்குக் கணக்கு ரியூசன், இரண்டு மணிக்கு பாஸ்கற்போல் பயிற்சி. பிக்கரிங், ஏஜக்ஸ் பக்கம் இருக்கிற உங்களில் பலருக்கும் இதே அட்டவணையாகத்தான் இருக்கும். ரியூசனும் பயிற்சியும் முட்டிக்கொண்டால் எதை விடுவது என்ற வாக்குவாதமும் இருக்கும்.

ஜனவரியில் மகளின் பயிற்சியாளர், “பல்கலைக்கழக ஆட்டம் ஒன்றை நேரில் போய்ப் பாருங்கள்” என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டார். அம்மா ஒரு சாமத்தியவீட்டுக்குப் போயிருந்தா. அப்பாவைத் தனியே விட்டுப் போக மனமில்லாமல் அவரையும் கூப்பிட்டேன்.

“உந்தப் பந்தை எறிஞ்சு என்ன வரப்போகுது? பிள்ளையைக் கணக்கைப் பார்க்கச் சொல்லு” என்றார் அப்பா. இதே வசனத்தை நானும் கேட்டிருக்கிறேன், பத்தாம் வகுப்பில். அந்த வருடத்தோடு நான் அணியை விட்டுவிட்டேன். ஆனாலும் அப்பா ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார்.

பிக்கரிங் கோ நிலையத்தில் ரெயில் எடுத்து யூனியன், அங்கிருந்து சப்வேயில் கொலிஜ் நிலையம். அந்த நிலையத்தின் இரண்டு பக்கச் சுவர்களிலும் ஹொக்கி வீரர்களின் பெரிய ஓவியங்கள் இருக்கின்றன. ஒரு பக்கம் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ், எதிர்ப் பக்கம் மொன்றியல் கனேடியன்ஸ். சார்ல்ஸ் பாக்டர் வரைந்தவை. அதைக் கண்டதும் அப்பா நின்றுவிட்டார்.

“இது எனக்குத் தெரிஞ்ச இடமெல்லோ.”

கார்ல்ரன் வீதியால் கொஞ்சத் தூரம் நடந்தோம். சேர்ச் வீதிச் சந்தியில் அந்த மஞ்சள் செங்கல் கட்டடம் தெரிந்தது. மேப்பிள் லீஃப் கார்டன்ஸ். 1987இல் கனடாவுக்கு வந்த அப்பா, முதல் மூன்று வருடங்கள் அந்தப் பக்கத்து உணவகம் ஒன்றில் இரவில் கோப்பை கழுவினவர். இந்தக் கதை எனக்குத் தெரியும். ஆனால் எந்தத் தெரு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

“சனிக்கிழமையெண்டால் சனம் அள்ளுகொள்ளையா வரும். குப்பை போட வெளியில வரேக்க நிண்டு பார்க்கிறனான். திரும்பிப் போற ஆக்களின்ர முகத்தைப் பார்த்தே வெண்டதோ தோத்ததோ எண்டு சொல்லிப்போடுவன்” என்றார்.

“உள்ளே போகேல்லையா அம்மப்பா?” என்று மகள் கேட்டாள்.

“ரிக்கற்றுக்கு ஆரிட்டையம்மா காசு?”

இந்தக் கட்டடத்தின் கதையை நம் பிள்ளைகள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 1931 ஜூனில் வேலை தொடங்கி அதே வருடம் நவம்பர் 12இல் முதல் ஆட்டம் நடந்தது. ஆறு மாதம்கூட ஆகவில்லை. அது பெரும் பொருளாதார மந்தக் காலம். கட்டப் பணம் போதாமல் போனபோது, வேலையாட்கள் சம்பளத்தில் ஒரு பகுதியை நிறுவனப் பங்குகளாக வாங்கச் சம்மதித்தார்கள். கட்டுவித்தவர் மேப்பிள் லீஃப்ஸ் அணியின் கொன் ஸ்மைத். ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் நாடகத்துக்குப் போவதுபோல் உடுத்திக்கொண்டு வரவேண்டும் என்பது அவருடைய எண்ணம். கோட்டும் ரையும் தொப்பியுமாக ஆட்கள் வந்தார்கள். வர முடியாதவர்களுக்கு ஃபொஸ்ரர் ஹூவிற் கூரையை ஒட்டிய கூண்டில் இருந்து வானொலியில் வர்ணனை செய்தார். ஒரு நாடே சனிக்கிழமை இரவில் ரேடியோவைச் சுற்றி இருந்தது. முதல் ஆட்டத்தில் சிக்காகோவிடம் 2-1 என்று தோல்வி. 1999 பெப்ரவரி 13இல் நடந்த கடைசி ஆட்டத்திலும் அதே சிக்காகோவிடம் 6-2 என்று தோல்வி!

ஹொக்கிக் கோயில் என்று பெயரெடுத்த இங்கேதான் கூடைப்பந்தின் பெரிய நாளும் நடந்தது. 1946 நவம்பர் 1இல் ரொறன்ரோ ஹஸ்கீஸ் அணியும் நியூயோர்க் நிக்ஸ் அணியும் இங்கே மோதின. இன்றைய என்பிஏ தன் வரலாற்றின் முதல் ஆட்டமாக அதைத்தான் கணக்கில் வைத்திருக்கிறது. ஹஸ்கீஸ் அணியின் ஜோர்ஜ் நோஸ்ட்ரண்ட் 6 அடி 8 அங்குலம். அவரைவிட உயரமாக இருக்கிற எவருக்கும் அனுமதி இலவசம் என்று விளம்பரம் செய்தார்கள். 7,090 பேர் வந்தார்கள். நியூயோர்க் 68-66 என்று வென்றது. ஹஸ்கீஸ் ஒரே பருவத்தோடு மூடப்பட்டது. பிறகு ராப்டர்ஸ் வர 1995 ஆனது.

லீஃப்ஸ் போனபிறகு கட்டடம் சில காலம் சும்மா கிடந்தது. 2004இல் லொப்லோஸ் வாங்கியது. 2011இல் கீழே சுப்பர்மார்க்கெற் திறந்தார்கள். 2012இல் மேல்தளங்கள் ரயர்சன் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அரங்கமாகின. இப்போது பெயர் மற்றமி அத்லெற்றிக் சென்ரர். வதிவிடப் பாடசாலைகளில் பூர்வகுடிப் பிள்ளைகள் பட்ட துன்பத்தோடு எகெர்ட்டன் ரயர்சனின் பெயரும் சேர்ந்திருந்ததால், 2022இல் பல்கலைக்கழகம் தன் பெயரை ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் என்று மாற்றியது. அணிகளும் ‘ராம்ஸ்’ என்ற பெயரை விட்டு ‘போல்ட்’ ஆகின. பழைய பெயரில் விளையாடிய கடைசிப் பருவத்தில்தான் பெண்கள் கூடைப்பந்து அணி முதன்முறையாகக் கனடாச் சம்பியன் ஆனது.

ஆட்டத்துக்கு நேரம் இருந்ததால் முதலில் கடைக்குள் போனோம். பழைய இருக்கைகளைக் கொண்டு செய்த பெரிய நீல மேப்பிள் இலை ஒன்று சுவரில் இருக்கிறது. சாமான் அடுக்கிய ஒரு வரிசையில் நிலத்தில் சிவப்பு வட்டம். பழைய ஐஸ் மைதானத்தின் நடுப்புள்ளி அதுதான். அப்பா அதில் ஏறி நின்று நாலு பக்கமும் பார்த்தார். பக்கத்தில் ஒருவர் வண்டிலைத் தள்ளிக்கொண்டு எங்களைச் சுற்றிப் போனார்.

“அப்ப நான் இப்ப உள்ளுக்க வந்திட்டன்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மேலே கூடைப்பந்து அரங்கு சின்னது. வீராங்கனைகளின் சப்பாத்துச் சத்தம்கூடக் கேட்கும். எதிரணி பிரீ துரோ எறியும்போது மாணவர்கள் குழறுகிறார்கள், கையை ஆட்டுகிறார்கள். தங்கட பிள்ளை எறியும்போது ஊசி விழுந்தாலும் கேட்கும் அமைதி. எல்லைக்கு அப்பால் அமெரிக்காவில் இது இன்னும் பெரிய திருவிழா. வட கரோலைனாவில் டியூக் பல்கலைக்கழகத்தின் கமரன் அரங்கு 1940இல் திறந்தது. பெரிய ஆட்டத்துக்கு இடம்பிடிக்க மாணவர்கள் குளிரில் வாரக்கணக்காகக் கூடாரம் போட்டுப் படுக்கிறார்கள். கான்சஸில் அலன் ஃபீல்ட்ஹவுஸ், 1955இல் திறந்தது. அங்கே ‘ரொக் சோக், ஜேஹோக்’ என்று இழுத்துப் பாடும் கோஷம் அரங்கை விட வயதானது. அந்த அணியின் முதல் பயிற்சியாளர் வேறு யாருமில்லை, 1891இல் இந்த விளையாட்டைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித். ஒன்ராறியோவின் ஆல்மொன்ற் பக்கம் பிறந்த எங்கட ஊர்க்காரர்!

இதை மகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்க, அப்பா குறுக்கிட்டார். “ஏன், எங்கட பிக் மச்?”

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் 1904இல் தொடங்கிய கிரிக்கெற் ஆட்டம், வடக்கின் பெருஞ்சமர். கொடி கட்டின சைக்கிள்கள், பாண்ட் வாத்தியம், மைதானத்துக்குள் ஓடிப் போய் ஆடுகிற பழைய மாணவர்கள் என்று அப்பா சொல்லிக்கொண்டே போனார். இடைவேளை முடிந்ததும் தெரியவில்லை. எழுபத்தி மூன்று வயது மனிசன், நாலாம் கால்பகுதியில் எழும்பி நின்று கை தட்டினார். யாருக்குத் தட்டினார் என்று அவருக்கே தெரியுமோ தெரியாது.

திரும்பி வரும்போது ரெயிலில் மெதுவாகக் கேட்டார். “நீ விளையாடேக்க நான் ஒருநாளாவது வந்தனானோ?”

“இல்லையப்பா.”

“ரெண்டு வேலை.”

“தெரியும்.”

ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நான் நினைத்த மகள், தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: “அம்மாவும் காரிலதான் இருக்கிறவ.”

உண்மைதான். காசு கட்டுகிறேன், ஏற்றி இறக்குகிறேன், பார்க்கிங்கில் லப்ரொப்பைத் திறந்து வேலை செய்கிறேன். அப்பாவுக்கு இரண்டு வேலை, வாடகை, ஊருக்கு அனுப்பவேண்டிய காசு. எனக்கு என்ன சாட்டு? ரியூசனா பந்தா என்று வீட்டில் இவ்வளவு சண்டை பிடித்த நான், அவள் எப்படி விளையாடுகிறாள் என்று பார்த்ததே இல்லை. அவளுக்கு அந்த விளையாட்டில் எவ்வளவு விருப்பம் என்று தெரியாமலே அதை நிறுத்துவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ரியூசனை நாங்கள் நிப்பாட்டவில்லை. ஞாயிறு காலைக்கு மாற்றினோம், அவ்வளவுதான். போன கிழமை ஆட்டத்தை உள்ளே இருந்து முழுதாகப் பார்த்தேன். மகள் இரண்டு தரம் கூடையில் போட்டாள், நாலு தரம் தவறவிட்டாள், என்னை ஒருக்காலும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் அப்பா பிளாஸ்கில் பிளேன்ரீயோடு இருந்தார். எதிரணி பிரீ துரோ எறியும்போது அவர் “ஊ” என்று கத்த, நடுவர் திரும்பிப் பார்த்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பல்கலைக்கழக ஆட்டங்கள் நவம்பரில் தொடங்கி பெப்ரவரி வரை நடக்கும். அநேகமாக ஒரே மாலையில் முதலில் பெண்கள், பிறகு ஆண்கள் விளையாடுவார்கள். கொஞ்சம் வேளைக்கே போய், கீழே கடையில் அந்தச் சிவப்பு வட்டத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கோ. அவர்கள் இந்த ஊரில் எந்தத் தெருவில் வேலை செய்தார்கள் என்று கேளுங்கோ.