எல்லாக் கைக்கும் ஒரே பட்டையா?

ஆசிரியருக்கு,

தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40 சதவீதம் பேர் கூடுதல் எடை உள்ளவர்கள் என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. எடை கூடிய தாய்மாருக்குக் கர்ப்பகால ரத்த அழுத்தமும், அது முற்றினால் வலிப்பும் வரும் வாய்ப்பு அதிகம். இவ்வளவு தெரிந்தும், எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பருத்த கைக்குப் பொருந்தும் பிரஷர் பட்டை ஒன்றுகூட இல்லை.

ஏழு மாதக் கர்ப்பிணியான என் மகளின் கையில் செவிலியர் பட்டையைச் சுற்றினார். ஒட்டும் பகுதி பாதிதான் பிடித்தது. காற்று ஏற ஏறப் பிரிந்துகொண்டே வந்தது. ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்தபடி, "உடம்பு பூசினாப்ல இருந்தா இப்படித்தாம்மா கூடக் காட்டும்" என்று சொல்லி, அட்டையில் 144/92 என எழுதினார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. கொடுத்த கருவியை வைத்துத்தானே பார்க்க முடியும்? ஆனால் அந்தப் பேச்சுதான் வயிற்றைக் கலக்குகிறது.

மேல்கைச் சுற்றளவு 35 செ.மீ. வந்துவிட்டால் பெரிய பட்டை வேண்டும். அத்தகைய கையில் சாதாரணப் பட்டை சுமார் 5 புள்ளியும், இன்னும் பருத்த கையில் 20 புள்ளி வரையும் கூட்டிக் காட்டுவதாக 2023-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் கண்டார்கள். 140/90 கர்ப்பிணிக்கு எச்சரிக்கைக் கோடு என்னும்போது ஐந்து புள்ளி சின்ன விஷயமா? இல்லாத நோய்க்காக நிறைமாத வயிற்றோடு மாவட்ட மருத்துவமனைக்கு அலைவது ஒரு கொடுமை. உண்மையிலேயே ஏறும்போதும் "குண்டு உடம்பு, அப்படித்தான்" என்று தள்ளிவிடுவது அதைவிடக் கொடுமை. தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி என்று கர்ப்பிணி சொல்லும்போது நிலைமை கைமீறியிருக்கலாம்.

முதல் பதிவிலேயே உயரமும் எடையும் எழுதிவிடுகிறார்கள். ஆபத்து அதிகமுள்ள தாய்மாருக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரினை 20 வாரத்துக்குள் தொடங்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். என் மகளுக்கு அது தேவையா என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. எடைக்காக வசவு மட்டும் மாதாமாதம் தவறாமல் கிடைத்தது.

மகப்பேற்றுக்கு 18,000 ரூபாய் உதவி தரும் அரசுக்கு ஒரு பட்டை பெரிய செலவல்ல. ஒவ்வொரு ஆரம்ப, துணை சுகாதார நிலையத்துக்கும் இரண்டு அளவுப் பட்டைகளும் கைச் சுற்றளவு பார்க்க ஓர் இஞ்சு டேப்பும் எப்போது வந்துசேரும் என்று சுகாதாரத் துறை தேதி சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கர்ப்பிணியின் தாய்,
திருவண்ணாமலை மாவட்டம்