கொள்ளுத்தாத்தாவைத் தேடிப் பார்த்திருக்கீங்களா?

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்காகப் பழைய பட்டியல்ல அப்பா அம்மா பேரைத் தேடினோமே, ஞாபகம் இருக்கா? ஆலங்காயத்துல எங்க தாத்தா பேரும் கிடைச்சது, எழுத்துப்பிழையோட. சரி, அவரோட அப்பாவையும் பிடிச்சிடலாம்னு நெட்டுல இறங்கினேன்.

முதல் அடி மாவட்டத்துல. நாம இப்போ திருப்பத்தூர் மாவட்டம். 2019 வரை வேலூர், 1989-க்கு முன்னாடி வட ஆற்காடு. இன்னும் பின்னாடி போனா, 1908 கெசட்டியர்ல திருப்பத்தூர் தாலுகாவும் வாணியம்பாடியும் சேலம் மாவட்டத்துல இருக்கு! "வேலூர்"னு தேடினா ஒண்ணும் வராது.

அடுத்து சென்சஸ். இங்கிலாந்துல 1921 கணக்கெடுப்புப் படிவங்களை 2022-ல திறந்துட்டாங்க. பேர், வயசு, வேலை எல்லாம் பார்க்கலாம். இங்க 1948 சட்டப்படி தனிநபர் பதிவுகளை யாரும் பார்க்க முடியாது. நமக்குக் கிடைக்கிறது மாவட்டக் கையேடுகள்ல ஊர்வாரியான எண்ணிக்கை மட்டும்தான். அந்த எண்ணுக்குள்ள எங்கேயோ அவர் இருக்கார்.

பழைய மெட்ராஸ் டைரக்டரிகள் அதிகாரி, கம்பெனி, வியாபாரின்னு போகும். தோல் ஷாப்புல ஆவாரம்பட்டைத் தண்ணியில நின்னு தோல் ஊறவெச்சவர் பேரை யார் அச்சடிப்பாங்க?

கடைசியில எங்க கிடைச்சார் தெரியுமா? பக்கத்து வீட்டுக்காரங்களோட பழைய கிரயப் பத்திரத்துல. நாலு எல்லை எழுதுவாங்க இல்ல, அதுல "கிழக்கே இன்னார் குமாரர் இன்னார் வீடு"ன்னு. அவரும் அவர் அப்பாவும் ஒரே வரியில. எனக்கு அந்தக் கையெழுத்து ஒரு எழுத்துகூடப் புரியலை (இங்கிலீஷ் மீடியம் மகிமை). தெருவில் இருந்த ஒரு பழைய பத்திர எழுத்தர்தான் படிச்சுச் சொன்னார்.

என் கருத்து இதுதான்: உயிரோட இருக்கிறவங்க விவரத்தைப் பூட்டி வைக்கிறது சரி. ஆனா 2027 கணக்கெடுப்பு டிஜிட்டல். நூறு வருஷம் கழிச்சுத் திறக்கலாம்னு இப்பவே ஒரு விதி போட்டா என்ன? பத்திரம் சொத்து இருக்கிறவங்களுக்குத்தான். ஒரு சென்ட் நிலம் இல்லாதவங்களும் பேரோட பதிவாகிற இடம் சென்சஸ்.

பத்திரத்துல பொம்பளைங்க பேர் ஒண்ணுகூட இல்லை. கொள்ளுப்பாட்டி பேரைப் பாட்டிகிட்ட கேட்டேன். "இத்தனை வருஷமா யாருமே கேக்கலையேப்பா"ன்னு சொல்லிட்டு, அவங்க அம்மா, அம்மாவோட அம்மா வரைக்கும் சொன்னாங்க. போன்ல ரெக்கார்ட் பண்ணியிருக்கேன். உங்க வீட்டுல பாட்டி இருந்தா, பிடிஎஃப் தேடுறதை நாளைக்கு வெச்சுக்கோங்க.