14,707 ஏக்கரை எண்ணித் தாருங்கள்

மதிப்பிற்குரிய தேனி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

குச்சனூரில் ஒன்றரை ஏக்கர் நஞ்சை வைத்துப் பிழைக்கும் விவசாயி எழுதுவது. திங்கட்கிழமை குறைதீர் நாளில் வரிசையில் நின்றால் மனுவை நீட்டிவிட்டு ஒரு நிமிடத்தில் நகர வேண்டும். எனக்குப் பின்னால் நிற்பவர்களுக்கும் குறை இருக்கிறது. நான் சொல்ல வந்தது ஒரு நிமிடத்தில் அடங்காது, ஊருக்கும் தெரிய வேண்டியது. அதனால்தான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

அறுப்பு முடிந்து தாள் காய்ந்து கிடந்த சமயம். காலையில் வாய்க்கால் கரையோடு நடந்து போனேன். என் வயலுக்கு இரண்டு வயல் மேலே, தாளுக்கு நடுவில் வெள்ளையடித்த கல் நின்றது. முழ உயரம், தலையில் சிவப்புப் பட்டை. அதற்கு அப்பால் இன்னொன்று. வரப்பில் நின்று எண்ணினேன், முப்பத்தாறு கல். மூன்றாம் நாள் டிப்பரில் கிராவல் வந்து இறங்கியது. மாலைக்குள் தண்ணீர் இறங்கும் வாமடை மண்ணுக்கு அடியில் போய்விட்டது. என் தகப்பனார் காலத்தில் பதித்த மடைக்கல், நாங்கள் சிறுபிள்ளைகளாக உட்கார்ந்து கால் நனைத்த கல், அதன் முனை மட்டும் வெளியே தெரிந்தது.

பக்கத்து வயல்காரர் என்னிடம் கேட்டார். "ஏண்ணே, இதுக்குக் கீழ பதினோரு வயலு கெடக்கே, தண்ணி எது வழியாண்ணே போகும்?"

கல் நட்டவர்களிடம் அதையே நான் கேட்டேன். பைப் போட்டுத் தருகிறோம் என்றார்கள். நாலு அங்குல பைப்.

நஞ்சைக்குத் தண்ணீர் பாயும் விதம் ஊருக்கு வெளியே பலருக்குத் தெரிவதில்லை. வாய்க்காலில் இருந்து ஒவ்வொரு வயலுக்கும் தனி ஓடை கிடையாது. மேல் வயல் நிரம்பி, அதன் மடை வழியாக அடுத்த வயலுக்கு இறங்கி, அங்கிருந்து அடுத்ததற்கு என்று வயல் விட்டு வயல் பாய்ந்துதான் கடைமடைக்குப் போய்ச் சேரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மிச்சத் தண்ணீர் வடிவதும் அதே வழியில்தான். நடுவில் ஒரு சர்வே எண்ணை மூன்றடி உயர்த்திவிட்டால் கோடையில் கீழ் வயல் காயும், மழையில் மேல் வயல் அழுகும். பட்டா ஒருவர் பெயரில் இருக்கலாம், தண்ணீர் பாதை பன்னிரண்டு பேருடையது. அந்த வயல் மனையாகப் போகிறது என்று கீழ் வயல்காரனான என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல் நின்ற பிறகுதான் தெரிந்தது.

விற்றவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவரை நான் அறிவேன். நடவுக்கு ஆள் கிடைக்காமல் இரண்டு போகம் அலைந்தார். வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு. நெல் போட்டு ஒரு வருடத்தில் கையில் நிற்கும் பணத்தையும், மனைக்குச் சொன்ன விலையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் யாருடைய மனதும் ஆடத்தான் செய்யும். அதிலும் எங்கள் ஊர் சனீஸ்வரர் கோயில் ஊர். சனிக்கிழமை தோறும் கார்கள், ஆடிச் சனிக்கிழமைகளில் நடக்க இடமிருக்காது. கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் மனை என்றால் விலை தானாக ஏறுகிறது. மதுரையில் இருந்து தேனிக்கு 2022 மே மாதம் அகல ரயில் வந்தது, 2023 ஜூனில் போடி வரை நீண்டது. குமுளிச் சாலையில் ஊர் ஊராகப் புறவழிச்சாலை வந்தது. எல்லாம் வேண்டியவைதான். அவற்றின் பின்னாலேயே மனை விளம்பரப் பலகைகளும் வந்துவிட்டன.

வீடு வேண்டாம் என்று சொல்ல நான் யார்? என் பிள்ளைகளுக்கும் வீடு வேண்டும். ஆனால் நம் முன்னோர் ஊரை மேட்டில் கட்டினார்கள், பள்ளத்தை நெல்லுக்கு விட்டார்கள். குச்சனூர், மார்க்கையன்கோட்டை, சின்னமனூர் எங்கும் பழைய தெருக்களைப் பாருங்கள், நஞ்சைக்குள் ஒரு வீடு இருக்காது. மேட்டில் புஞ்சை இருக்கிறது, தரிசும் கிடக்கிறது. மனை போட அங்கே இடம் உண்டு. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் தானாக இறங்கிப் பாயும் நிலம் வேறு எங்கும் புதிதாகக் கிடைக்காது.

இப்போது தலைப்பில் சொன்ன எண்ணுக்கு வருகிறேன். ஜூன் மாதம் முதல் போகத்துக்குப் பெரியாற்றில் தண்ணீர் திறக்கும்போது அரசு அறிவிப்பு வரும். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் பாசனம் பெறும் என்று அதில் இருக்கும். உத்தமபாளையம் வட்டத்தில் 11,807, தேனி வட்டத்தில் 2,412, போடி வட்டத்தில் 488. வருடம் மாறினாலும் இந்த மூன்று எண்களும் மாறுவதில்லை. புறவழிச்சாலைக்கு வயல் போனது, மனைக்குப் போனது, செங்கல் சூளைக்குப் போனது. எண் மட்டும் அப்படியே நிற்கிறது. எந்த ஏக்கர் இன்னும் வயல், எந்த ஏக்கர் போய்விட்டது என்று சர்வே எண் வாரியாகச் சொல்லும் பட்டியல் எதையும் எங்கள் ஊரில் நாங்கள் பார்த்ததில்லை.

இந்த எண்ணின் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள் ஐயா. 1886-ல் திருவிதாங்கூரோடு 999 வருட ஒப்பந்தம். மேற்கே கடலுக்கு ஓடிய ஆற்றை அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பி 1895-ல் நம் பக்கம் விட்டார் பென்னிகுவிக். காட்டுக்குள் காலராவிலும் காய்ச்சலிலும் எத்தனையோ கூலியாட்கள் செத்தார்கள். இன்றும் ஜனவரி 15 பென்னிகுவிக் பிறந்த நாளில் இந்தப் பள்ளத்தாக்கில் பொங்கல் வைக்கிறோம். 2011 டிசம்பரில் அணையைப் பற்றிக் கேரளத்தோடு தகராறு முற்றியபோது கம்பத்தில் இருந்தும் கூடலூரில் இருந்தும் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் குமுளியை நோக்கி நடந்தார்கள். 2014 மே 7 அன்று 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது ஊரெல்லாம் வெடி வெடித்தது. அணையில் ஓர் அடி தண்ணீருக்காக டெல்லி வரை போன நாம், அந்தத் தண்ணீர் வந்து விழும் வயலைப் பற்றிப் பேரூராட்சி அலுவலகம் வரைகூடப் போகவில்லை. இதில் என் பங்கும் இருக்கிறது. முதல் கல் நட்ட அன்றே நான் கேட்டிருக்க வேண்டும்.

சுரபி நதி என்று பக்தர்கள் முங்கிக் குளிக்கும் எங்கள் வாய்க்காலும் இந்தத் தண்ணீர்தான்.

மலைக்கு அந்தப் பக்கம் வயலைக் காக்க என்ன செய்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். கேரளத்தில் 2008-ல் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதில் எனக்குப் பிடித்தது தண்டனைப் பிரிவு இல்லை, பட்டியல். ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு குழு. ஊராட்சித் தலைவர், வேளாண் அலுவலர், கிராம அலுவலர், கூடவே விவசாயிகளின் பிரதிநிதிகள் மூன்று பேர். அவர்கள் ஊரில் எந்தெந்த சர்வே எண் நெல்வயல் என்று தரவு வங்கி தயாரிக்க வேண்டும். வயலை நிரவ யாராவது கேட்டால் முதலில் பார்ப்பது அந்த ஊர்க்குழு. அங்கேயும் ஓட்டை விழுந்தது. 2018 திருத்தத்தில், பட்டியலில் சேராமல் விட்டுப்போன நிலத்துக்குக் கட்டணம் கட்டி மாற்றிக்கொள்ள வழி வைத்தார்கள். அதிலிருந்து நான் புரிந்துகொண்டது, பட்டியலில் ஏறிய வயலுக்குக் காவல் இருந்தது, ஏறாத வயல் நழுவியது.

நம் டெல்டாவுக்கு 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. எண்ணெய், எரிவாயு போன்ற தொழில்களை அது தடுக்கிறது, மனைக்கல்லைத் தடுக்கவில்லை. ஆகவே அதே போன்ற சட்டம் எங்களுக்கும் வேண்டும் என்று நான் கேட்கப்போவதில்லை. சட்டம் போடுவது சட்டமன்றத்தின் வேலை. உங்கள் கையெழுத்தில் நடக்கக்கூடியதைக் கேட்கிறேன்.

அதற்கு முன் இன்னொரு பச்சையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அங்கீகாரம் பெற்ற பெரிய மனைப்பிரிவில் சாலை போக மீதி நிலத்தில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விட்டு, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. வரைபடத்தில் அதைப் 'பூங்கா' என்று பச்சையில் காட்டுவார்கள். மனை வாங்குகிறவர் அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் வாங்குகிறார். ஐந்து வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் மணல் குவித்திருக்கும், கருவேலம் மண்டியிருக்கும், அல்லது ஒரு கொட்டகை முளைத்திருக்கும். எது பூங்கா இடம் என்று தெருவில் இருப்பவருக்கே தெரியாது. பலகை இல்லை, வேலி இல்லை.

தெரிந்திருந்தால் ஜனங்கள் சும்மா இருக்க மாட்டார்கள். பெங்களூர் சதாசிவநகரில் வரைபடத்தில் பூங்கா என்று குறித்த ஓர் இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்ட ஒதுக்கினார்கள். முதலமைச்சர் மட்டத்தில் எடுத்த முடிவு அது. அங்கே குடியிருந்தவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். முதலில் ஒற்றை நீதிபதியிடம் தோற்றார்கள், பிறகு அமர்வில் ஜெயித்தார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றமும் அவர்கள் பக்கமே நின்றது. பூங்காவுக்கென்று விட்ட இடம் பூங்காவாகவே இருக்க வேண்டும், அதைக் கேட்க அந்தத் தெருவில் வசிப்பவருக்கு உரிமை உண்டு என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். அவர்கள் ஜெயிக்க முடிந்ததற்குக் காரணம், பூங்கா என்று காகிதத்தில் இருந்ததும், அந்தக் காகிதம் அவர்கள் கைக்குக் கிடைத்ததும்.

எங்கள் கையில் காகிதம் இல்லை. அதைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

14,707 ஏக்கரை ஒருமுறை எண்ணுங்கள். நீர்வளத் துறையின் ஆயக்கட்டுப் பதிவேடும், கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலும், சர்வேயரும், வேளாண் உதவி அலுவலரும் சேர்ந்தால் ஒரு போகத்துக்குள் முடியும். எந்த மடை எந்த வயலுக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய நீர்பாய்ச்சிகள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். எல்லோரும் வயதானவர்கள். அவர்கள் இருக்கும்போதே கூட அழைத்துக்கொண்டு போனால் வாமடைகளையும் வடிகால்களையும் வரைபடத்தில் ஏற்றிவிடலாம். குச்சனூர் பங்குக்கு வரும் சர்வே எண்களைப் பேரூராட்சி அலுவலகச் சுவரில் எழுதிப் போடச் சொல்லுங்கள். கூடவே மனைப்பிரிவுகளில் எழுதிக் கொடுத்த பூங்கா இடங்களையும் அளவோடு எழுதச் சொல்லுங்கள்.

முழுமைத் திட்டம் தயாரிக்கும்போது ஜனங்கள் ஆட்சேபம் சொல்ல இரண்டு மாதமாவது அவகாசம் தர வேண்டும் என்று 1971 நகர் ஊரமைப்புச் சட்டம் சொல்கிறது. திட்டம் இல்லாத பகுதியில் ஒரு நஞ்சையை மனையாக்கக் கேட்கும் கோப்பு 2017 விதிகளின்படி நகர்கிறது, வேளாண் துறையின் கருத்தும் உங்கள் கருத்தும் அதில் சேர்கின்றன. அந்தக் கருத்தை எழுதும் முன்பு ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். கோப்பின் சர்வே எண்ணைப் பதினைந்து நாள் ஊரில் ஒட்டச் சொல்லுங்கள். எங்கள் ஊர் பேரூராட்சி, கிராம சபை கிடையாது. 2022 விதிகள் கொடுத்த பகுதி சபை இருக்கிறது. குடிதண்ணீரும் தெருவிளக்கும் பேசும் அந்த சபையில், இந்த சர்வே எண் மனையானால் கீழ் வயலுக்குத் தண்ணீர் எப்படிப் போகும் என்ற கேள்வியையும் வைக்கச் சொல்லுங்கள். பதிலை எழுதி உங்கள் கோப்பில் சேர்க்கட்டும். அதன் பிறகு நீங்கள் அனுமதித்தாலும் சரி, மறுத்தாலும் சரி, எங்கள் பேச்சு அந்தக் காகிதத்தில் இருக்கும்.

விற்காதே என்று யார் கையையும் பிடிக்கும்படி நான் கேட்கவில்லை. நிலத்தை வைத்திருப்பவருக்கு நடவு எந்திரம் முறைபோட்டு வர வேண்டும், கொள்முதல் நிலையம் அறுப்புக்கு முன்பே திறந்திருக்க வேண்டும். அது இல்லாமல் பட்டியல் மட்டும் சுவரில் இருந்தால் எங்களைக் கட்டிப்போட்டது போலாகிவிடும். இரண்டும் சேர்ந்துதான் வர வேண்டும்.

முதல் போகத்துக்குத் தண்ணீர் திறக்கும் நாளில் மதகில் பூத்தூவ வருவீர்கள். அன்றைக்கு முடியாவிட்டால் ஒரு வாரம் கழித்து, தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்ததும் ஒரு காலை நேரம் குச்சனூருக்கு வாருங்கள். கோயிலைத் தாண்டிக் கரையோடு நடந்தால் வெள்ளைக் கற்கள் தெரியும். அங்கே அந்த நாலு அங்குல பைப் இருக்கிறது. மேலே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, கீழே எவ்வளவு வருகிறது என்று நீங்களே பார்க்கலாம். கீழே உள்ள பதினோரு வயல்காரர்களையும் வரச் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
குச்சனூர் நஞ்சை விவசாயி ஒருவர்