வாயிலில் பறை, மேடையில்?

பல்கலைக்கழகக் கலைநாள்கள் பலவற்றில் வாயிலில் பறை முழங்குகிறது. விருந்தினர் அமர்ந்ததும் பறையிசைஞர் வெளியேறுகின்றனர். மேடையிலோ ஆங்கில அறிவிப்பும் திரைப்பாட்டும்! வரவேற்க மட்டுந்தானா தமிழ்க்கலை?

தமிழ்நாட்டு இசைமேடையில் தமிழ்ப்பாட்டு இறுதித் துணுக்காய் ஒதுக்கப்பட்ட இழிவை எதிர்த்து, 1941இல் தமிழிசை மாநாடு கூடியது எங்கே? அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அமைந்த அண்ணாமலைநகரில்! அங்குத் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கிய விபுலானந்த அடிகளே, வழக்கிழந்த யாழை ஆராய்ந்து 1947இல் யாழ்நூல் தந்தார். இழந்ததை மீட்ட வரலாறு பல்கலைக்கழகங்களுக்கு உண்டு. இருப்பதை இழக்கும் வரலாறு வேண்டா.

தமிழ் மாணவரே! கலைநாளின் நடுப்பொழுதைப் பறைக்கும் கூத்துக்கும் அளிப்பீர். அக்கலைஞர்க்கு இருக்கையும் உரிய ஊதியமும் தருவீர். அவர்களிடமே அடவு பயின்று ஆடுவீர். வாயிலில் நிற்கும் தமிழை மேடையேற்றுவீர்!